வரும் நாளை எழுதுகிற ஒப்பந்தத்தில் போகும் நாளையும் எழுதுங்கள்

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
தொழில், முதலீட்டு ஊக்குவிப்பு மற்றும் வர்த்தகத் துறை,
தலைமைச் செயலகம், புனித ஜார்ஜ் கோட்டை, சென்னை.

படி: சிப்காட் நிர்வாக இயக்குநர், தொழிலாளர் ஆணையர்.

பொருள்: அரசின் சலுகை பெறும் தொழிற்சாலைகளின் ஒப்பந்தத்தில் வெளியேற்ற விதிகள் சேர்க்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 ஜனவரி 7, 8 தேதிகளில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டின் முடிவில் அரசு சொன்ன கணக்கு இது: 631 புரிந்துணர்வு ஒப்பந்தங்கள், 6,64,180 கோடி ரூபாய் முதலீடு, 14,54,712 பேருக்கு நேரடி வேலை. கடைசி ஆள் வரைக்கும் எண்ணிச் சொன்ன கணக்கு. அந்த ஒப்பந்தங்களில் ஒன்றில் கையெழுத்திட்ட கம்பெனி பத்து ஆண்டு கழித்து ஆலையைப் பூட்டிக்கொண்டு போனால் என்ன செய்ய வேண்டும் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா, எழுதியிருந்தால் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படித்துப் பார்க்க அந்த ஆலைக்கு நிலம் கொடுத்தவருக்கும் வழியில்லை, அதில் வேலைக்குச் சேர்ந்தவருக்கும் வழியில்லை. கேட்டால் வணிக ரகசியம் என்பார்கள். இந்த மடல் ஒப்பந்தத்தின் அந்த ஒரு பக்கத்தைப் பற்றியது.

வெளிநாட்டு முதலீடு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், மறைமலைநகர் ஆலைகளின் சம்பளத்தில் வீடு கட்டியவர்கள், தங்கையைப் படிக்க வைத்தவர்கள் பல்லாயிரம் பேர். நாங்கள் கேட்பது, கம்பெனி வரும் நாளுக்கு எத்தனை பக்கம் எழுதுகிறீர்களோ அதில் நாலில் ஒரு பங்காவது அது போகும் நாளுக்கும் எழுதுங்கள் என்பதுதான்.

ஏன் இது தொழிலாளர் துறையின் வேலை மட்டும் இல்லை, உங்கள் துறையின் வேலை என்பதற்கு முதலில் ஒரு வரிக் கணக்கு. 2017 ஜூலை 1க்கு முன்னால், ஸ்ரீபெரும்புதூரில் செய்த காரை லக்னோவில் ஒருவருக்கு நேராக விற்றால் அதற்கான மத்திய விற்பனை வரி தமிழ்நாட்டுக்கு வந்தது. ஜி.எஸ்.டி. வந்த பிறகு வரி, பொருள் எங்கே நுகரப்படுகிறதோ அந்த மாநிலத்துக்குப் போகிறது. ஏற்றுமதிக்கு வரியே இல்லை. உள்ளே வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியையும் கம்பெனி திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். கம்பெனியின் வருமான வரி மத்திய அரசுக்குப் போகிறது. அது பகிர்வுத் தொகுப்பில் சேர்ந்து, மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் நூறு ரூபாயில் நமக்கு வருவது நாலு ரூபாய் சொச்சம். மின்சார வரியும் முத்திரைத்தாள் கட்டணமும் சலுகைத் தொகுப்பிலேயே விலக்கப்பட்டுவிடுகின்றன.

அப்படியானால் ஓர் ஏற்றுமதி ஆலையால் இந்த மாநிலத்தில் தங்குவது எது? கூலி. சுங்குவார்சத்திரம் மளிகைக் கடையிலும், பூந்தமல்லி வாடகை வீட்டிலும், ஊரில் இருக்கும் தம்பியின் கல்லூரிக் கட்டணத்திலும் செலவாகிற கூலி. அடுத்து, உள்ளூர்ப் பட்டறைகளுக்குப் போகும் ஆர்டர். இந்த இரண்டும்தான் நாம் மானியம் கொடுத்து வாங்குகிற சரக்கு. வாங்குகிறவர் எத்தனை, எவ்வளவு காலத்துக்கு, நடுவில் நின்றுபோனால் என்ன என்று எழுதி வாங்க வேண்டாமா? மத்திய அரசின் உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டமும் இதை எழுதவில்லை. 2020 ஏப்ரலில் அறிவித்த கைபேசித் திட்டத்தில், கூடுதலாக விற்ற தொகைக்கு 4 முதல் 6 சதவீதம் ஐந்து ஆண்டுகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னார்கள். பணம் கொடுப்பதற்கு அளவுகோல் முதலீடும் விற்பனையும். சம்பளம் அந்த அளவுகோலில் இல்லை.

போகும் நாள் என்று ஒன்று வருமா என்ற சந்தேகம் சென்னைக்கு இருக்க முடியாது. நோக்கியா 2005 ஏப்ரலில் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டது. 2006 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கியது. சிறப்புப் பொருளாதார மண்டலச் சலுகைகளோடு, உள்நாட்டில் விற்ற போனுக்கான விற்பனை வரியைத் திருப்பித் தருவதும் சேர்ந்திருந்தது. உச்சத்தில் நேரடித் தொழிலாளர்கள் மட்டும் 8,000 பேர் அளவுக்கு இருந்தார்கள். பெரும்பகுதி இருபது வயதைச் சுற்றியிருந்த பெண்கள். 2013இல் வருமான வரித்துறையோடு மென்பொருள் ராயல்டி வழக்கு வந்தது, அடுத்து மாநில அரசின் மதிப்புக் கூட்டு வரிக் கோரிக்கை வந்தது, சொத்துகள் முடக்கப்பட்டன. 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் கைபேசித் தொழிலை வாங்கியபோது சென்னை ஆலை மட்டும் அந்தக் கைமாற்றத்தில் சேராமல் வெளியே நின்றது. அதே ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி லைன்கள் நின்றன. அந்த வளாகத்திலேயே உதிரிபாகம் செய்த ஃபாக்ஸ்கான் ஆலை டிசம்பரில் நின்றது. வரி வழக்கை இந்தியாவும் பின்லாந்தும் பேசி 2018இல் முடித்துக்கொண்டன. கம்பெனியின் பிரச்சினைக்கு இரண்டு நாட்டு அரசுகள் உட்கார்ந்து பேச ஒரு மேசை இருந்தது. அந்தப் பெண்களுக்கு அப்படி ஒரு மேசை எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படவில்லை. அவர்கள் விருப்ப ஓய்வுத் தொகையை வாங்கிக்கொண்டு விழுப்புரத்துக்கும் திருவண்ணாமலைக்கும் திரும்பி நாலு ஆண்டு ஆகப் போயிருந்தது.

இதே கம்பெனி ஜெர்மனியின் போஹும் (Bochum) நகரத்தில் இருந்த ஆலையை மூடிய விதத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2008இல் 2,300 பேர் வேலை பார்த்த ஆலை அது. அந்த மாநில அரசு தான் கொடுத்திருந்த மானியத்தில் 4.1 கோடி யூரோவை வட்டியோடு திருப்பிக் கேட்டது. கேட்க முடிந்ததற்குக் காரணம், மானிய ஆணையிலேயே இத்தனை முழுநேர வேலை இத்தனை காலம் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள், எண்ணிக்கை குறைந்திருந்தது. கடைசியில் அந்தப் பகுதியின் வளர்ச்சி நிதிக்குக் கம்பெனி 2 கோடி யூரோ கொடுத்தது. வேலை இழந்த தொழிலாளர்களுக்கான இழப்பீட்டுத் தொகுப்புக்கு, அங்கே சமூகத் திட்டம் என்பார்கள், 20 கோடி யூரோ ஒதுக்கியது. தலைக்கு வகுத்தால் ஏறக்குறைய 87,000 யூரோ. அங்கிருந்து வேலை ருமேனியாவின் குளுஜ் நகரத்துக்குப் போனது. அந்த ஆலையும் 2011இல் மூடப்பட்டது. அடுத்த மூன்று ஆண்டில் ஸ்ரீபெரும்புதூர். ஒரே கம்பெனி, ஒரே பொருள், மூன்று ஊர். ஜெர்மானியர்கள் கையில் இருந்தது ஒரு தாள். அந்தத் தாளைத்தான் கேட்கிறோம்.

ஃபோர்டு கதை இன்னும் பழசாகவில்லை. 1995இல் வந்தது, 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது, மறைமலைநகரில் 2022 ஜூலையில் கடைசி வண்டி வெளியே வந்தது. நேரடித் தொழிலாளர்கள் சுமார் 2,600 பேர். ஒவ்வோர் ஆண்டு சர்வீஸுக்கும் எத்தனை நாள் சம்பளம் என்பதை ஆலை வாசலில் உட்கார்ந்து, உற்பத்தியை நிறுத்தி, மாதக்கணக்கில் பேசித்தான் உயர்த்த முடிந்தது. பலமான சங்கம் இருந்ததால் அவர்களால் முடிந்தது. சங்கமே இல்லாத ஆலைகளில் யார் பேசுவார்கள்? 2024 செப்டம்பர் 9ஆம் தேதி சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது. அதன் மையக் கோரிக்கைகளில் ஒன்று, சங்கத்தைப் பதிவு செய்வது. 1926ஆம் ஆண்டுச் சட்டப்படி அலுவலகத்தில் முடிந்திருக்க வேண்டிய அந்தப் பதிவு கைக்கு வந்தபோது 2025 ஜனவரி ஆகிவிட்டது. 1918இல் நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கத்தைப் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களை வைத்துத் தொடங்கிய ஊர் சென்னை.

கம்பெனிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் உள்ள பிடிமானத்தின் வித்தியாசத்தை இன்னொரு வழக்கில் பார்க்கலாம். 2008இல் போட்ட ஒப்பந்தப்படி தமிழ்நாடு அரசு தரவேண்டிய சலுகைப் பணம் பாக்கி என்று நிஸ்ஸான் 2017இல் இந்தியாவைப் பன்னாட்டு நடுவர் மன்றத்துக்கு இழுத்தது. இந்தியா–ஜப்பான் பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தம் அந்த உரிமையைக் கொடுத்தது. கேட்ட தொகை 5,000 கோடி ரூபாயைத் தொட்டது. 2020இல் சமரசம் ஆனது. கொடுப்பதாகச் சொன்ன பணத்தைக் கேட்பது தப்பு என்று நாங்கள் சொல்ல வரவில்லை. சலுகை ஒப்பந்தத்தின் ஒரு பக்கத்தில் இருப்பவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு உலக மன்றம் வரை போகலாம். அதே ஒப்பந்தத்தில் வேலைவாய்ப்பு என்ற வரியாக இருப்பவர் தொழிலாளர் நீதிமன்றத்தில்கூட அதை ஆவணமாகக் காட்ட முடியாது. அவர் ஒப்பந்தத்தின் தரப்பு இல்லை, அவரிடம் நகலும் இல்லை.

இனி எண்ணும் முறைக்கு வருகிறோம். வெளியேற்ற விதி எழுதுவதற்கு முன்னால், யார் தொழிலாளி, எத்தனை வேலை என்று எண்ணத் தெரிய வேண்டும். இங்கேதான் பெரிய ஓட்டை.

தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. மாதம் சராசரி 20 நாள் வேலை என்றால் இரண்டு ஆண்டில் நிரந்தரம். நாட்டில் பல மாநிலங்களில் இல்லாத சட்டம். ஆனால் நடைமுறையில் 480ஆம் நாள் வராமல் பார்த்துக்கொள்கிறார்கள். 11 மாதத்துக்கு ஒரு காண்ட்ராக்ட். மாதம் 26 நாள் என்றால் 286 நாள். பிறகு அனுப்பிவிடுகிறார்கள். அதே ஆளை இன்னொரு 11 மாதம் எடுத்தால் 572 நாள் ஆகிவிடும் என்பதால் வேறு ஒப்பந்ததாரர் பெயரில் புது ஆளாகப் பதிகிறார்கள். லைன் அதே, சூப்பர்வைசர் அதே, லாக்கர்கூட அதே. சம்பளச் சீட்டின் தலைப்பு மட்டும் மாறும். இன்னொரு வழி, டிரெய்னி என்ற பெயர். நீம் என்ற மத்தியத் திட்டம் 2013இல் வந்து, பயிற்சி என்ற பெயரில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாமல் உற்பத்தி லைனில் ஆள் நிறுத்த இடம் கொடுத்தது. அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டுவிட்டது; பழக்கம் நிற்கவில்லை.

இதன் விளைவு உங்கள் துறையின் புள்ளிவிவரத்திலும் விழுகிறது. ஒரே இருக்கையில் மூன்று ஆண்டில் மூன்று பேர் மாறி மாறி உட்கார்ந்தால் மூன்று புது பி.எஃப். எண். மூன்று வேலை உருவாக்கியதாகச் சொல்லிவிடலாம். உண்மையில் உருவானது ஒன்று. இதைச் சரிசெய்யப் புதிதாக எந்தப் படிவமும் வேண்டாம். ஒவ்வொரு முதலாளியும் ஒப்பந்ததாரரும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் வருங்கால வைப்பு நிதிக்கு மின்னணு அறிக்கை தாக்கல் செய்கிறார்கள். அதில் ஒவ்வொருவரின் நிரந்தர எண், சம்பளம், சம்பளம் இல்லாத நாட்கள் எல்லாம் இருக்கின்றன. ஓர் ஆண்டின் மொத்தச் சம்பள நாட்களைக் கூட்டி 300ஆல் வகுத்தால் முழு ஆண்டு வேலை எத்தனை என்று வரும். உதாரணத்துக்கு, ஓர் ஆலை ஓராண்டில் 1,200 பேரை நாலு நாலு மாதம் வைத்திருந்தது என்று கொள்ளுங்கள். தலைக்கு 104 நாள். மொத்தம் 1,24,800 நாள். 300ஆல் வகுத்தால் 416 வேலை. மானியம் 416 பேருக்குத்தான் சேரவேண்டும், 1,200 பேருக்கு இல்லை. இதோடு இன்னோர் எண்ணையும் கேளுங்கள்: இரண்டு ஆண்டுக்கு மேல் அதே வளாகத்தில் தொடர்கிறவர்கள் எத்தனை பேர்? ஒப்பந்ததாரர் மாறினாலும் தொழிலாளியின் நிரந்தர எண் மாறாது என்பதால் இதைக் கண்டுபிடிக்க முடியும். இந்த எண் குறைவாக இருக்கும் ஆலைதான் போகும் நாளில் கைவீசிக்கொண்டு போகக்கூடிய ஆலை.

போகும் நாளில் சட்டம் என்ன தருகிறது? 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி, 300 பேரோ அதற்கு மேலோ உள்ள தொழிற்சாலையை மூடத்தான் அரசின் முன் அனுமதி வேண்டும். பழைய சட்டத்தில் இந்த வரம்பு 100. மனு போட்ட 60 நாளில் அரசு பதில் சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே பொருள். ஒரே வளாகத்தில் மூன்று கம்பெனிப் பலகை மாட்டி ஒவ்வொன்றிலும் 290 பேரை வைத்தால் அந்தக் கேள்வியே எழாது. எழுகிற இடத்திலும் மனு வருவதில்லை. விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்து, கேன்டீன் பேச்சிலும் ஹெச்.ஆர். அறையிலும் இதுதான் கடைசித் தொகை, அடுத்த மாதம் இதுவும் கிடைக்காது என்று சொல்லி, ஒவ்வொருவராகக் கையெழுத்து வாங்கிவிட்டால் மூடும்போது ஆலையில் ஆளே இருக்காது. அனுமதி கேட்க வேண்டிய அவசியமும் இருக்காது.

சட்டப்படியான தொகையையே எடுத்துக்கொள்வோம். பத்து ஆண்டு சர்வீஸ், மாதம் 18,000 ரூபாய் கையில், அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 12,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடல் இழப்பீடு ஆண்டுக்கு 15 நாள் சம்பளம்: 6,000 ரூபாய் வீதம் 60,000. பணிக்கொடை, 12,000ஐ 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி, பத்து ஆண்டுக்கு 69,231. இரண்டும் சேர்ந்து 1,29,231 ரூபாய். பத்து ஆண்டு உழைப்புக்கு ஏழு மாதச் சம்பளம். புதிய சட்டத்தில் மறுதிறன் நிதி என்று இன்னொரு 15 நாள் சம்பளம் இருக்கிறது. ஆனால் அது ஆட்குறைப்புக்கு மட்டும் என்று எழுதியிருக்கிறார்கள், மூடலுக்கு இல்லை. இதெல்லாம் நிரந்தரத் தொழிலாளிக்கு. அதே லைனில் அதே பத்து ஆண்டு ஐந்து ஒப்பந்ததாரர் பெயரில் நின்றவருக்குத் தொடர்ச்சியான சர்வீஸ் என்று காட்ட ஒரு தாளும் இருக்காது. கணினித் திரையில் அவர் ஒவ்வொரு முறையும் புது ஆள்.

இந்தப் பள்ளத்தை மானியத்திலிருந்தே நிரப்பலாம். ஆண்டுக்கு 40 கோடி ரூபாய் மானியம் பெறும் ஆலை என்றால் அதில் 10 சதவீதத்தை, நாலு கோடியை, கம்பெனிக்குக் கொடுக்காமல் அதன் பெயரிலேயே தனி வங்கிக் கணக்கில் முடக்கி வையுங்கள். வட்டியை விட்டுவிட்டாலும் பத்து ஆண்டில் 40 கோடி சேரும். 3,000 பேர் உள்ள ஆலையில் தலைக்கு 1,33,333 ரூபாய். மேலே சொன்ன சட்டத் தொகையோடு சேர்த்தால் பதினான்கு மாதச் சம்பளத்தைத் தாண்டும். ஒரு பெண் இன்னொரு வேலை தேடிக்கொள்ள, ஒரு கடனை அடைக்க, ஊர் திரும்பாமல் இருக்க அது போதும். ஒப்பந்தக் காலம் முடிந்தும் ஆலை ஓடிக்கொண்டிருந்தால் பணம் கம்பெனிக்கே வட்டியோடு போகட்டும். நிலைத்து நிற்கப்போகிற கம்பெனிக்கு இதில் ஒரு ரூபாய் நட்டமில்லை.

இரண்டாவது பிடி, நிலம். அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் கொடுக்கும் நிலம் பெரும்பாலும் 99 ஆண்டுக் குத்தகை. ஆலையை மூடிவிட்டு இன்னொருவருக்குக் கைமாற்ற வேண்டுமானால் சிப்காட்டின் இசைவு வேண்டும். இந்த ஒரு கையெழுத்துதான் அரசிடம் கடைசிவரை மிஞ்சும் சாவி. கம்பெனி விமானம் ஏறிவிட்டாலும் நிலம் இங்கேதான் இருக்கும். தொழிலாளர் பாக்கியும், ஒப்பந்தத் தொழிலாளர் பாக்கியும், சிறு குறு நிறுவனங்களுக்கான பாக்கியும் தீர்ந்ததாகத் தொழிலாளர் ஆணையர் சான்று தராமல் குத்தகை மாற்றத்துக்கு இசைவு இல்லை என்று ஒரு வரி போதும். பெரம்பூரில் பக்கிங்காம் கர்னாடிக் ஆலை நின்ற இடத்தில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. மூடிய ஆலையில் கடைசிவரை மதிப்பு ஏறிக்கொண்டே போவது நிலம்தான் என்பதைச் சென்னைக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடுத்து பட்டறைகள். அம்பத்தூர், திருமுடிவாக்கம், காக்களூர் பட்டறைக்காரர் ஒரு கார் மாடலுக்கு உதிரிபாகம் செய்ய ஒப்புக்கொண்டால், அந்த மாடலுக்கு மட்டுமே பொருந்துகிற டை என்ற அச்சையும், ஜிக், ஃபிக்ஸர் என்ற பிடிப்பான்களையும் செய்கிறார், கணினியால் இயங்கும் சி.என்.சி. மெஷினுக்கு வங்கியில் கடன் வாங்குகிறார். அவர் கையில் இருப்பதோ பன்னிரண்டு மாத உத்தேச அட்டவணை. அதில் உறுதியான ஆர்டர் பெரும்பாலும் முதல் மாதத்துக்கு மட்டும். மற்ற பதினோரு மாதமும் மதிப்பீடு. எப்போது வேண்டுமானாலும் பூஜ்யமாகலாம். கம்பெனி போனால் டை பழைய இரும்பு விலைக்குப் போகும், கடன் தவணை அப்படியே நிற்கும். சிறு குறு நிறுவனச் சட்டம் 45 நாளில் பணம் கொடு என்கிறது. கொடுத்துவிட்ட சரக்குக்கு அது பொருந்தும், வாங்காமல் விட்ட சரக்குக்காகச் செய்த டைக்குப் பொருந்தாது. உள்ளூரில் இத்தனை சதவீதம் வாங்கினால்தான் மானியம் என்று எழுத உலக வர்த்தக அமைப்பின் விதிகள் விடமாட்டா. 1995 முதல் அந்தக் கதவு மூடிக்கிடக்கிறது. ஆனால் வாங்குவதாகச் சொல்லிச் செய்ய வைத்த டையின் மீதி மதிப்பைப் போகும்போது கொடுத்துவிட்டுப் போ என்று எழுத எந்த விதியும் தடுக்கவில்லை. வேலை, கூலி, வெளியேற்றம் பற்றி எழுதவும் தடையில்லை. உலக விதிகள் விட்டுவைத்திருக்கும் இந்த இடத்தையாவது முழுக்கப் பயன்படுத்துங்கள்.

ஹாஸ்டலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் சிப்காட் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது, நல்ல வேலை. ஆனால் இந்தப் பகுதியில் இன்னும் பெரும்பாலான பெண்களுக்கு வேலை ஓர் ஒப்பந்ததாரரிடம், அறை இன்னொருவரிடம், சாப்பாடு மூன்றாமவரிடம், பஸ் நாலாமவரிடம். 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஹாஸ்டல் சாப்பாட்டால் 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்ந்தபோது, கேட்க ஆளில்லாமல்தான் மற்றவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் போய் உட்கார்ந்தார்கள். வேலை போகும் நாளில் இந்த ஏற்பாடு இன்னும் கொடுமையாகும். அன்று மாலையே அறையையும் காலி செய்ய வேண்டும். அறை இல்லாத பெண் பாக்கிச் சம்பளத்துக்காகச் சென்னையில் நின்று வாதாட முடியாது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவாள். வேலை நின்ற பிறகு 90 நாள் தங்குமிடம் என்ற விதி சின்னதாகத் தெரியும். ஆனால் மற்ற எல்லா உரிமையையும் கேட்டு வாங்க அவளுக்கு நேரம் கொடுப்பது அந்த 90 நாள்தான்.

இப்படி நிபந்தனை போட்டால் கம்பெனிகள் ஆந்திராவுக்கோ குஜராத்துக்கோ போய்விடும் என்று உங்கள் அலுவலகத்தில் சொல்வார்கள். அந்தப் பயத்தை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மாநிலங்களுக்கு இடையில் ஏலம் நடப்பது உண்மை. ஆனால் இதே கம்பெனிகள் வேறு நாடுகளில் இதைவிடக் கடுமையான தாளில் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 2017இல் ஃபாக்ஸ்கானோடு போட்ட ஒப்பந்தத்தில் 13,000 வேலைக்கு ஏறத்தாழ 300 கோடி டாலர் வரிச் சலுகை என்று எழுதினார்கள். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் இத்தனை வேலை, இந்தச் சம்பளத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் பணம் என்றும் எழுதினார்கள். வேலை வரவில்லை, பணமும் போகவில்லை. 2021 ஏப்ரலில் ஒப்பந்தத்தைத் திருத்தி 1,454 வேலைக்கு 8 கோடி டாலர் என்று குறைத்தார்கள். இதையெல்லாம் நாம் இங்கே உட்கார்ந்து தெரிந்துகொள்ள முடிவதற்குக் காரணம் அந்த ஒப்பந்தம் பொது ஆவணம். அந்த மாநிலமும் வேறு தவறுகள் செய்தது, நிலத்துக்கும் சாலைக்கும் முன்கூட்டியே பெரும் பணம் கொட்டியது. ஆனாலும் சலுகைப் பணம் தப்பியது தாளில் எழுதியிருந்ததால். ஒரு கம்பெனி சென்னைக்கு வருவது துறைமுகத்துக்காக, முப்பது ஆண்டில் பழகிய கைகளுக்காக, நாற்பது கிலோமீட்டருக்குள் எல்லா உதிரிபாகமும் கிடைப்பதற்காக. வெளியேற்ற விதியைக் கண்டு பின்வாங்குகிற கம்பெனி, எப்போது வெளியேறலாம் என்று வரும்போதே யோசித்துக்கொண்டிருக்கிறது என்றுதான் பொருள்.

கம்பெனி கெட்ட எண்ணத்தோடுதான் போக வேண்டும் என்பதும் இல்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீது 50 சதவீத வரி போட்டதும், ஆம்பூர் தோல் தொழிலும் திருப்பூர் ஆடைத் தொழிலும் ஒரே மாதத்தில் தடுமாறின. வாஷிங்டனில் ஒரு கையெழுத்து, இங்கே ஷிப்ட் நிற்கிறது. அந்த மாதிரி நாளில் யார் மேல் தப்பு என்று தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. முன்பே எடுத்து வைத்த பணம் இருந்தால்தான் உதவும்.

முதல் வேலையை நீங்கள் இந்த மாதமே தொடங்கலாம். சட்டசபைக்குப் போக வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(ஆ) பிரிவு, மானியத் திட்டங்களின் பயனாளிகள், ஒதுக்கிய தொகை, சலுகை பெற்றவர்களின் விவரம் ஆகியவற்றை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. ஆலை வாரியாக ஒரு பட்டியல் வெளியிடுங்கள்: ஒப்பந்தத் தேதி, கொடுத்த நிலம், இதுவரை கொடுத்த ஒவ்வொரு வகைச் சலுகையின் தொகை, வாக்களித்த வேலை, 300 நாள் கணக்கில் உண்மையான வேலை, அதில் ஒப்பந்ததாரர் மூலம் எத்தனை. தொழில்நுட்ப ரகசியம் எதுவும் இதில் இல்லை.

புதிய ஒப்பந்தங்களுக்கான வாசகத்தை நாங்களே எழுதிப் பார்த்தோம். உங்கள் சட்ட அலுவலர்கள் திருத்திக்கொள்ளட்டும்:

"நிறுவனம் இந்த வளாகத்தில் உற்பத்தியை நிறுத்தவோ, ஓராண்டுக்குள் முழு ஆண்டு வேலைகளின் எண்ணிக்கையை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கவோ கருதினால், 12 மாதங்களுக்கு முன்பு அரசுக்கும் தொழிலாளர்களுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். விருப்ப ஓய்வு மூலம் வெளியேறுவோரும் இந்தக் கணக்கில் சேர்வர். ஒப்பந்ததாரர் யாராயினும், இந்த வளாகத்தில் ஒரு தொழிலாளி வேலை செய்த எல்லா நாட்களும் ஒரே தொடர்ச்சியான சர்வீஸாகக் கொள்ளப்படும். நிறுத்தி வைக்கப்பட்ட மானியத் தொகை அந்தச் சர்வீஸின் விகிதத்தில் தொழிலாளியின் வங்கிக் கணக்கில் நேராகச் செலுத்தப்படும். வாக்களித்த வேலை நாட்களில் குறைந்த பங்குக்கு ஈடான சலுகை வட்டியுடன் அரசுக்குத் திரும்ப வரும். வேலை இழந்தோருக்கு 90 நாள் தங்குமிடம் நிறுவனத்தின் செலவில் தொடரும். இந்த ஒப்பந்தமும் அதன் இணைப்புகளும் கையெழுத்தான 30 நாட்களுக்குள் தமிழில் வெளியிடப்படும். இதன் கீழ் உரிமை கோரும் தரப்பாகத் தொழிலாளரும் கொள்ளப்படுவர்."

இதில் எந்த வரி நடைமுறைக்கு ஒவ்வாது என்று உங்கள் துறை கருதுகிறதோ, அந்த வரியைக் குறித்துக் காரணத்தோடு எங்களுக்குப் பதில் எழுத வேண்டுகிறோம். கணக்கோடு வந்து பேசத் தயாராக இருக்கிறோம்.

இங்ஙனம்,
தொழிலாளர் சட்டமும் தொழிற்சாலைக் கணக்கும் பார்க்கிறவர்கள் சிலர்,
சென்னை.